ரோஸி அக்கா பேரில் ஒரு சாட்பாட்

எனக்கு இருபத்தேழு வயது. சாட்பாட் எழுதும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டேன் என்றால் அடுத்து எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். ஓய்வு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இப்போது வியாசர்பாடியில், எங்கள் ஹவுசிங் போர்டு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். புரியவில்லை என்றால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. நான் நான்கு வருடம் செய்த வேலையில் அந்த வசதி கிடையாது.

நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வருகிறீர்கள். பாட் எழுத உதவும் சின்ன ஃப்ரேம்வொர்க் ஒன்றை இறக்கு, ஒரே ஒரு கோப்பைத் திற, நாற்பது வரி எழுது, பாட் பேசும் என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. உண்மைதான், பேசும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த வகை ஃப்ரேம்வொர்க்கின் அழகே அது நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான். பெரியவை ஆயிரம் கேள்வி கேட்கும், அதை நிரப்பு, இதை நிரப்பு என்று உயிரை எடுக்கும். இது கேட்காது. நாம் எழுதியதைச் செய்யும். எழுத மறந்ததைப் பற்றி வாயே திறக்காது. இருபத்து மூன்று வயதில் எனக்கு அது சுதந்திரமாகத் தெரிந்தது.

எங்கள் அலுவலகம் வண்ணாரப்பேட்டையில், மொத்த வியாபாரத் துணிக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில். முதலாளியைச் சேர்த்து ஆறு பேர். முதல் பெரிய வேலையாக திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து சரக்கு இறக்கும் இடம். அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறையப் பேர். லீவு வேண்டும் என்றால் கேட் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை என்றால் கேட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அது அந்த யார்டின் பழைய விதி.

அந்தப் போனை எடுப்பவர் ரோஸி அக்கா. ராயபுரத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. நான் வேலையைப் புரிந்துகொள்ள அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

"இன்னா கபாலி, மறுபடியும் வவுத்து வலியா? போன மாசமும் திங்கக்கிழமதான வலிச்சிது?"

எதிர்ப்பக்கம் ஏதோ சமாளிப்பு. அக்கா "சரி" என்று ஒரே சொல்லில் முடித்து, நோட்டில் எழுதி, கேங் மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புவார். யாராவது இரண்டு நாள் வராமல், தகவலும் சொல்லாமல் இருந்தால் அவரே அந்த வீட்டுக்குப் போன் போடுவார். "இன்னாயா ஆச்சு உனுக்கு, உயிரோட கீறியா?" என்று. அதையும் பார்த்தேன். ஆனால் நான் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் அது இல்லை. யாரும் எழுதித் தரவில்லை, நானும் எழுதிக்கொள்ளவில்லை. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அந்தப் போனுக்குப் பதிலாக லீவைக் குறித்துக்கொள்ளும் பாட் தயாரானதும், அக்காவை லாரிகளை எடைபோடும் எடைமேடைக்கு மாற்றினார்கள். கேட்டில் ஒரு பலகை மாட்டினோம்: "விடுப்பு" என்று போனில் டைப் செய்து டோக்கன் எண்ணை இந்த நம்பருக்கு அனுப்பவும். முதல் வாரம் ஒருத்தர்கூட லீவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் எல்லாம் அதை வம்புக்கு இழுத்தவர்கள். "டேய் மெஷினு, துண்ணியா?" என்று ஒருவர். "மாமு, எனக்கு ஒரு பொண்ணு பாரு" என்று இன்னொருவர். பாட் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னது: மன்னிக்கவும், தங்கள் செய்தி புரியவில்லை. டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். உண்மையாகவே லீவு சொல்ல வேண்டியவர்கள் எடைமேடைக்கு நடந்து போய் அக்காவிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

யார்டு மேனேஜர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு முகம் சுளித்தார். அன்று இரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். மறுநாள் எடைமேடைக்குப் போய், பாட்டுக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"என் பேரா? வெச்சிக்கோ, ஓசிதான," என்றார் அக்கா. "ஆனா அத்த கலீஜா பேச வுடாத."

போட்டோவும் கேட்டேன். தங்கை கல்யாணத்தில் பச்சைப் புடவையில் எடுத்தது ஒன்றை அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அதுல அவுங்கோ சொல்றது எனக்குக் கேக்குமாடி?"

உங்களுக்கு இனிமேல் அந்தத் தலைவலியே இல்லை அக்கா என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பெயரை மாற்றினேன், படத்தை வைத்தேன், பதில்களை எல்லாம் அக்கா பேசுகிற மாதிரி எழுதினேன். "இன்னா நைனா, லீவா? டோக்கன் நம்பர் சொல்லு." மேனேஜரிடம் காட்டியபோது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு குறை மட்டும் சொன்னார். அனுப்பும் செய்திக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் குறியே நிற்கிறது, ஆள் இல்லாத கடை மாதிரி இருக்கிறது என்றார். படித்ததாகக் காட்டும் நீலக் குறி வர வைக்க முடியுமா? முடியும், ஒரே வரி. அவர் எதிரிலேயே எழுதினேன். செய்தி உள்ளே நுழைந்ததும் முதலில் நீலக் குறி. அது என்ன வகைச் செய்தி என்று பார்க்கும் வரி அதற்குக் கீழே. வேகமாகச் செய்தேன் என்று பாராட்டினார்.

அடுத்த வாரம் யார்டே பாட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பிரியாணி வாங்கினார்கள். நான் கவனிக்காதது ஒன்றுதான். மெஷினுக்கு டைப் அடிப்பார்கள். ரோஸி அக்காவிடம் யாராவது டைப் அடிப்பார்களா? பேசினார்கள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாகப் போனில் பேசியது போலவே பேசி அனுப்பினார்கள்.

என் பாட்டுக்குக் காது கிடையாது. எழுத்து வந்தால் படிக்கும்; வேறு எது வந்தாலும் எதுவும் செய்யாமல் நகர்ந்துவிடும். ஆனால் மேலே இருந்த அந்த ஒரு வரி மட்டும் தவறாமல் ஓடியது. ஒவ்வொரு குரல் பதிவுக்கும் நீலக் குறி விழுந்தது. பதில் வராதது அவர்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. அக்காவும் "சரி" என்று வைத்துவிடுகிறவர்தானே.

எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பாட் தனக்கு வந்ததை எல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது: ஆதரிக்கப்படாத வகை, குரல். ஆதரிக்கப்படாத வகை, குரல். நான் எங்கள் சீனியரிடம் காட்டினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தவர் அவர்தான், கெட்டிக்காரர், அவரைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் குப்பைம்மா, அமுக்கிடு. அப்பதான் நெஜமான எரர் கண்ணுக்குத் தெரியும்" என்றார். அந்த வரிகள் இனி பதிவேட்டில் விழாதபடி அமுக்கினேன். அதற்கும் ஒரே வரி. அதற்குப் பிறகு பதிவேடு பளிச்சென்று இருந்தது, எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஒரு மாதம் எதுவும் ஆகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் லீவு போட்டுத் திரும்புகிறவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. விதி மூன்றாம் நாளில்தான் கடிக்கும். முன்பு அந்த மூன்றாம் நாளுக்கு முன்னால் ரோஸி அக்காவின் போன் ஒன்று இருந்தது. இப்போது அங்கே என்னுடைய நிரல் இருந்தது. மூன்று நாள் தகவல் இல்லையா, பெயரை எடு. அதை மட்டும் நான் மிகச் சரியாக எழுதியிருந்தேன்.

ஏழுமலை சரக்கு இறக்கும் கேங்கில் பதினோரு வருடம் வேலை செய்தவர். மூலக்கொத்தளத்தில் வீடு. அந்த யார்டில் விடுபடாமல் பத்து வருடம் பட்டியலில் இருந்தவர்களைக் கம்பெனியின் நேரடி வேலைக்கு எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். கேட் பக்கத்தில் ஒட்டிய தாளில் அவர் பெயர் நாலாவது. அந்த மாதத்தில் அவர் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள் அவர் அங்கேயே இருந்தார். மூன்று நாளும் காலையில் ரோஸி அக்காவுக்குத் தகவல் சொன்னார். நான்காம் நாள் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியதும் வேலைக்கு வந்து கேட்டில் கார்டைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. நேரடி வேலைக்கான தாளில் அவர் பெயர்மேல் கோடு போட்டாகிவிட்டது. பட்டியலில் இடைவெளி விழுந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து பத்து வருடம். அவருக்கு வயது நாற்பத்தாறு.

இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். மேனேஜரின் அறையில் ஏழுமலை, ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் முதலாளி, நான். மறுநாள் எண்ணூரில் இன்னொரு யார்டில் இதே பாட்டைக் காட்ட வேண்டியிருந்தது. வண்டியில் வரும்போது முதலாளி என்னிடம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார். இன்றைக்கு ஏதாவது ஏறுக்குமாறாகப் பேசிவிடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போடலாம்.

ஏழுமலை பயப்படவே இல்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது. போனை மேஜைமேல் வைத்தார். "தோ பாருங்க சார். மூணு நாளும் சொல்லிக்கீறேன். மூணுத்துக்கும் நீல டிக்கு வந்துகீது. அக்கா கேட்டுகிச்சு. அக்காவ கூப்புடுங்க, அதுவே சொல்லும்."

எடைமேடையிலிருந்து அக்காவை அழைத்து வந்தார்கள். எதற்கு என்று தெரியாமல், கையில் எடைச் சீட்டுக் கட்டோடு வந்தார். ஏழுமலையைப் பார்த்ததும் பொண்ணுக்கு என்னாச்சு என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குத் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. ஏழுமலைக்குப் புரியவில்லை. "சொல்லுக்கா," என்றார்.

மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். அக்கா போனை வாங்கிப் பார்த்தார். தன் போட்டோ, தன் பெயர், கீழே மூன்று குரல் பதிவுகள், மூன்று நீலக் குறிகள்.

"நான் கேக்கல நைனா," என்றார். "இது நான் இல்ல."

"உன் மூஞ்சி கீதே, அக்கா."

அக்கா போனைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். அறையில் எல்லாருமே என்னைப் பார்த்தார்கள்.

மேனேஜர் நியாயமானவர் போலத்தான் கேட்டார். நீலக் குறி வந்தால் ஆபீஸ் கேட்டுவிட்டது என்று அர்த்தமா? நான் இல்லை என்றேன். அது மெஷின் தானாகப் போடுவது. சரி, விடுப்பு கேட்டு இவர் பெயரில் முறைப்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா? இல்லை சார், பலகையில் சொன்ன முறைப்படி எதுவும் வரவில்லை என்றேன்.

இரண்டுமே உண்மை. நான்கு வருடத்தில் நான் சொன்ன இவ்வளவு சுத்தமான உண்மை வேறு இல்லை. ஏழுமலை தகவல் சொன்னார், எங்கள் பாட் அதை விழுங்கிவிட்டது, தப்பு என்னுடையது, அந்த மூன்று பதிவையும் இங்கேயே போட்டுக் கேளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போன் மேஜைமேல்தான் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம். ஏழுமலையே கையை நீட்டினார், போட்டுக் காட்டட்டுமா என்று. கேட்பதற்கு என்ன இருக்கிறது, முறைப்படி வரவில்லை என்று டெக்னிக்கல் ஆளே சொல்லிவிட்டாரே என்றார் மேனேஜர். டெக்னிக்கல் ஆள் என்றது என்னை. எனக்கு அந்த நேரத்தில் வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நாளைக்கு எண்ணூரில் காட்டும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

ஏழுமலை எழுந்தார். என்னைத் திட்டவில்லை, நான் யார் என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. அக்காவைத்தான் பார்த்தார். "நீ பேரு குடுத்திருக்கக் கூடாது, அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே இறங்கும்போது படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார். அந்தப் பதிவுகளைக் கேட்க முடியுமா என்றார். சர்வரில் இருந்தன. என் போனிலேயே எடுத்துப் போட்டேன். முதல் நாள், மகளைச் சேர்த்திருக்கிறோம், இன்றைக்கு வரமுடியாது, மேஸ்திரியிடம் சொல்லிவிடு என்றார். இரண்டாம் நாள், ரத்தத்துக்கு அலைவதாகச் சொன்னார். பின்னால் வார்டின் இரைச்சல். மூன்றாம் நாள் சின்னப் பதிவு.

"அக்கா, ஏழுமலை. இன்னிக்கும் வர்ல. நீ கேட்டுக்கினன்னு டிக்கு வந்துச்சுக்கா, அதே போதும். ஆபீசு நெனப்பு ஓயல, நீ கீறன்னு கொஞ்சம் தெம்பு."

அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் அன்னிக்கே கேட்டன்ல, எனுக்குக் கேக்குமான்னு," என்றார்.

பாட்டை அன்றைக்கு மதியமே சரிசெய்தேன். பதினான்கு வரி. குரல் வந்தால் மேற்பார்வையாளருக்கு அனுப்பு, பதில் சொல்லு. மொத்தம் இரண்டு மணி நேர வேலை. முதல் நாளே அந்த இரண்டு மணி நேரம் என்னிடம் இருந்தது. நீலக் குறிக்கும் பிரியாணிக்கும் நேரம் இருந்ததே. சீனியர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் எண்ணூரில் முதலாளி அதைப் புதிய வசதி என்று அறிமுகப்படுத்தினார். ஸ்லைடில் ஒரு மைக் படம் போட்டு, "படிக்கத் தெரியாத தொழிலாளரும் பேசலாம்" என்று எழுதியிருந்தது. கைதட்டினார்கள். ஏழுமலைக்குப் படிக்கத் தெரியும். அவர் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் தீர்மானம் எழுதுகிறவரே அவர்தான்.

அதற்கு மறுவாரம் நான் தனியாக மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா பாத்திருக்கலாம்மா. இப்ப லிஸ்ட் மேல போயிடுச்சு," என்றார். அது சாக்கா, நிஜமா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சாக்கை அவர் கையில் கொடுத்தவள் நான்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தப்பான நிரல் எல்லாரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுவீர்கள், அதற்காக யாரும் ஓய்வு பெற வேண்டியதில்லை. ஒருநாள் ஓர் அறையில் உங்களை மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே இருப்பவர்களில் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று தோன்றும். அப்போது கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். மறுவாரம் சொன்னால் அது பாவமன்னிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சொல்கிறவருக்கு மட்டும்தான் அதில் லாபம்.

ரோஸி அக்காவுக்கு அது அதோடு முடியவில்லை. காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் ஏழுமலையின் மனைவி எதிரே வந்து நின்று, மூணு நாளு எங்காளு கூவுனதக் கேட்டுகினு கம்முனு குந்தினு இருந்தியா என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்களுக்கு மெஷின், நிரல் எதுவும் தெரியாது. போட்டோ தெரியும். அக்கா என்னிடம் வந்து, என் பேரை எடுத்துடு என்றார். எடுத்துவிடுகிறேன் என்றேன். முதலாளி மறுத்துவிட்டார். எண்ணூர் யார்டு அந்தப் பெயரோடுதான் வாங்கியிருக்கிறது, அடுத்து இன்னும் இரண்டு இடம் கேட்கிறார்கள், அந்தப் பெயருக்கு ஒரு ராசி இருக்கிறது என்றார். போட்டோவை மட்டும் மாற்றி ஓர் ஓவியம் வைத்தார். அதிலும் பச்சைப் புடவை.

எனக்கு இதை அக்காவிடம் போய்ச் சொல்ல முகம் இல்லை. பத்து நாள் அவர் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. ஒரு காலையில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொழிலாளர் பட்டியலில் இல்லாத ஓர் எண்ணிலிருந்து குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. போட்டேன்.

"நான் ரோஸி பேசுறேன். என் பேர எட்த்துடுங்க. நான் யாரு சொன்னதயும் கேட்டுகினு கம்முனு இருக்கல."

கீழே நீலக் குறி விழுந்திருந்தது. அதற்குக் கீழே, அக்கா பேசுகிற மாதிரி நான் எழுதி வைத்த பதில் போயிருந்தது: "சொல்ட்ட இல்ல நைனா, அக்கா பாத்துக்கறேன்."

அன்று மதியம் பாட்டின் கோப்பிலிருந்து அந்தப் பெயரை எடுத்தேன். மறுநாள் காலை பழையபடி இருந்தது. மறுபடி எடுத்தேன். மாலையில் அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. நான் ஓய்வு பெற்றது அன்றுதான்.

ஏழுமலை இப்போது மணலி ரோட்டில் வேறொரு யார்டில் தினக்கூலியாகப் போகிறார் என்று கேள்வி. அங்கேயும் இதே பாட்தான். லீவு வேண்டும் என்றால் அவர் அதில் எதுவும் அனுப்புவதில்லையாம். காலையில் பஸ் ஏறி கேட் வரைக்கும் வந்து, ஓர் ஆளின் முகத்தைப் பார்த்து இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, திரும்ப பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாராம்.

அந்தக் கோப்பு இப்போது உங்களில் யாரிடமோ இருக்கிறது. மேலிருந்து ஒன்பதாவது வரி. அதில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். அவர் அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்.